அறுபத்திரண்டு பாகை

இளங்கலை நிலவியல் பாடத்திட்டத்தின் பதினான்காம் பொருளை வாசித்து முடித்த ஜெயசீலன், தாளை மேசைமேல் கவிழ்த்துவிட்டு, அடி விழப்போகிறது என்று எதிர்பார்ப்பவரைப் போலத் தோள்களைச் சற்றே உயர்த்திக்கொண்டு துறைத்தலைவியைப் பார்த்தார். துறைத்தலைவி புனிதவதி எதிரே இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் எப்போதும்போலத் துறையின் அருங்காட்சியக அறையில்தான் நடந்தது. காலை பதினொன்றேகால். தேநீர் வந்திருந்தது, உளுந்து வடை வந்திருந்தது, மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டக்’ என்றது. ஆறாம் பருவத்தில் உள்ள ஆறு நாள் களப்பணியை அடியோடு எடுத்துவிட்டு, அதனிடத்தில் செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் வைத்து வரைபடம் வரையும் பயிற்சியைச் சேர்க்கலாம் என்பதே வாசிக்கப்பட்ட பொருள். களப்பணி நடக்கும் ஆனைப்பள்ளக் கரடு என்னும் பாறைக்குன்றின் பெயர் இனிப் பாடத்திட்டத்தில் இராது. மூன்றாண்டுகளுக்கு முன் இதே யோசனையை இதே ஜெயசீலன் சொன்னபோது, கரட்டில் கால் வைக்காமல் பட்டம் வாங்குகிறவன் கல்லைப் பற்றிப் படித்தவனே தவிர நிலவியல் படித்தவன் அல்லன் என்று அவள் வெட்டிச் சொன்னதும், அதன்பின் ஒரு வாரம் அவர் அவளோடு பேசாமல் இருந்ததும் அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆகவே எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் சொல்லவேண்டியது இம்முறை ஒரே ஒரு சொல்தான். ‘சரி’ என்றால் போதும். கரடு போய்விடும், கரட்டோடு கோரை ஓடை போய்விடும், ஓடையோடு அந்த அறுபத்திரண்டும் போய்விடும். பிறகு எவரும் அங்கே திசைகாட்டியோடு போய் நிற்கப்போவதில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் பழுப்புச் சிவப்பாய் ஒரு கனிமத் துண்டு இருந்தது. அதன் அடியில் அவளுடைய கையெழுத்தில், எப்போதோ ஒட்டிய சீட்டில், மாதிரியின் பெயரும் எடுத்த இடமும் எடுத்த தேதியும் இருந்தன. மூன்றும் இல்லாத கல் வெறுங்கல் என்று முதலாண்டின் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவாள். மூன்று வாரமாக அவள் உட்கார்ந்து கட்டிய பாடத்திட்டம் முன்னால் கிடந்தது. முதற்பருவத்தில் படிகங்கள், அடுத்ததில் கனிமங்கள், பிறகு பாறைகள், பிறகு தொல்லுயிர்கள், ஐந்தாம் பருவத்தில் பாறை அடுக்குகள் மடிவதும் உடைவதும், எல்லாவற்றின் தலைமேலும் ஆறாம் பருவக் களப்பணி. சிறியதிலிருந்து பெரியதற்கு, கையில் அடங்குவதிலிருந்து கண்ணில் அடங்காததற்கு. இந்த வரிசையில் ஒன்றை உருவினால் மேலே இருப்பது சரியும் என்பதை அவளைவிட அறிந்தவர் இந்த அறையில் இல்லை. ஆனால் உருவச் சொல்லி ஜெயசீலன் காட்டுவது உச்சியில் இருப்பதை அல்லவா? உச்சியில் இருப்பதை எடுத்தால் எதுவும் சரியாது. உயரம் குறையும், அவ்வளவுதான். இப்படி ஒரு வாதத்தைத் தன் மனம் தானாகவே எடுத்துக் கொடுத்ததைக் கண்டு அவளுக்கு உடம்பு கூசியது. மனம் எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்கிறது. இருபத்தேழு ஆண்டுகள் கரட்டுக்காக வாதாடிய அதே மனம், அதே ஒழுங்கோடு, அதே அடுக்கோடு, இன்று கரட்டுக்கு எதிராகவும் வாதாடுகிறது. வாதம் செய்யத் தெரிந்தவளுக்கு எந்தப் பக்கமாயிருந்தால் என்ன. அந்தச் சிவப்புத் துண்டின் சீட்டில் தேதி 1996 என்று இருந்தது. அவள் கண்களை எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்ட கண்கள் சுவரில் போய் நின்றன. சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்தது ஆனைப்பள்ளக் கரட்டின் நிலவியல் வரைபடம். வரைந்தவர் பெயர் கீழே வலப்புற மூலையில். நடுவே ஓடையை ஒட்டி, வடக்கிலிருந்து தெற்காக, தடித்த கறுப்புக் கோடு. கோரை ஓடைப் பிளவு. அந்தக் கோட்டை மைப்பேனாவால் வரைந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது இன்னும் நெஞ்சில் இருந்தது. கை நடுங்கக் கூடாது, கோடு பிசிறக் கூடாது. கோடு பிசிறவில்லை.

அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள். துறையில் இருந்த ஒரே பெண். அன்றைய துறைத்தலைவர் சபாபதி கெட்டவர் அல்லர். வெயிலில் உனக்கு ஏனம்மா இந்தப் பாடு, மியூசியத்தைப் பார்த்துக்கொள், சீட்டு ஒட்டு, பிள்ளைகளுக்குப் படிகம் சொல்லிக்கொடு என்று அன்பாகத்தான் சொல்வார். அந்த அன்பு அவளைக் குத்திக்கொண்டே இருந்தது. மாணவியாயிருந்த காலத்திலும் இருபது பையன்களுக்கு நடுவே ஒருத்தியாய்க் களத்துக்குப் போனபோது, அவள் பையைத் தூக்க ஒருவன், அவள் கல்லை உடைக்க ஒருவன் என்று ஆளாளுக்கு ஓடிவந்தார்கள்; திரும்பி வந்து பார்த்தால் குறிப்பேட்டில் இருந்தவையெல்லாம் மற்றவர்கள் அளந்தவை. ஆகவே விடுமுறை நாளில் தனியாகவே கரட்டுக்குப் போனாள். மூன்று மாதம். பருத்திப் புடவை, பையன்கள் போடுகிற கான்வாஸ் காலணி. கிழக்குக் கரையில் அளந்தபோது சுத்தியலைப் பக்கத்துப் பாறையில் வைத்துவிட்டுத்தான் அளந்தாள். இரும்பு அருகில் இருந்தால் திசைகாட்டியின் முள் அதன் பக்கம் இழுபடும் என்பது நிலவியலில் பிள்ளைப்பாடம். பாறை அடுக்கு ஓடும் திசை வடக்கிலிருந்து கிழக்கே நாற்பது பாகை. முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்தொன்று, மறுபடியும் நாற்பது. ஓடையில் அன்று முழங்கால் தண்ணீர். கொசுவத்தை உயர்த்திப் பிடிக்க ஒரு கை வேண்டும். வழுக்கும் பாறையைப் பற்ற ஒரு கை வேண்டும். சுத்தியலை இடுப்பில், புடவைச் செருகலுக்குள், வலப்புறம் செருகிக்கொண்டாள். அக்கரை ஏறினாள். காலணியிலிருந்து நீரைக் கொட்டினாள். நெற்றியைத் துடைத்தாள். திசைகாட்டியை வழக்கம்போல இடுப்பளவில் பிடித்து, கண்ணைத் தாழ்த்தி, முள் நிற்கும்வரை காத்திருந்தாள். அறுபத்திரண்டு. மீண்டும் அளந்தாள், அறுபத்திரண்டு. பத்தடி தள்ளி நின்று அளந்தாள், அறுபத்துமூன்று. இக்கரையில் நாற்பது, அக்கரையில் அறுபத்திரண்டு, நடுவே ஓடை, அப்படியானால் ஓடையின் அடியில் பாறை உடைந்து, ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. எவரும் காணாத பிளவு. சுத்தியல் இடுப்பில் இருந்தது. ஈரப் புடவையின் கனத்தோடு அதன் கனமும் சேர்ந்துபோனதால் தெரியவில்லையா, அல்லது தெரிய விரும்பவில்லையா? அன்று இரண்டாவது கேள்வியே இல்லை. இன்று முதல் கேள்வி இல்லை. சபாபதி வரைபடத்தை மேசைமேல் விரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்துவிட்டு, “உனக்குக் கண் இருக்கும்மா” என்றார். அதன்பிறகு மியூசியத்தைப் பார்த்துக்கொள் என்று அவர் சொல்லவேயில்லை. களப்பணிப் பொறுப்பு அவளிடம் வந்தது. களக் கையேட்டை அவள் எழுதினாள். இருபத்தேழு ஆண்டுகளாக அதுவே பாடநூல். ஏழாம் இடம்: கோரை ஓடை, மேற்குக் கரை. ‘இங்கே பாறையின் திசை திடீரென மாறுவதை மாணவர் கவனிக்க வேண்டும்.’ கவனிக்க வேண்டும். அவள் எழுதிய வாக்கியம். அதில் எழுவாய், பயனிலை எதிலும் குறை இல்லை.

“மேடம், வேணும்னா பொருளை இன்னொரு தரம் வாசிக்கட்டுமா?” என்றார் ஜெயசீலன். வேண்டாம் என்று அவள் கையசைத்தாள். அவர் அதைப் பேசுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொண்டு, தயாரித்து வந்த காரணங்களை ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கினார். காரணங்கள் பொய்யானவை அல்ல. பெண்பிள்ளைகள் இப்போது வகுப்பில் பாதிக்கு மேல். கரட்டுப் பக்கம் கழிப்பறை கிடையாது. பெற்றோரிடம் சம்மதக் கடிதம் வாங்குவதற்குள் ஒரு மாதம் போய்விடுகிறது. போன ஆண்டு ஒருத்திக்கு வெயிலில் மயக்கம். வேலைக்கு எடுக்கும் இடங்களில் இன்று கேட்பது கணினி. “நம்ம பிள்ளைங்க பாதிப் பேருக்குக் களப்பணின்னா பஸ்ல பாட்டுப் போட்டுட்டு ஆடுறதுதான் மேடம். போகும்போது ஆட்டம், வரும்போது வாந்தி,” என்று அவர் சொன்னதும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த முதியவர் வடையோடு சிரித்துவிட்டார். வேலாயுதம் மட்டும் சிரிக்கவில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் தலைமை நிலவியலாளனாக இருக்கும் வேலாயுதம், துறையின் பழைய மாணவன் என்ற முறையில் குழுவுக்கு அழைக்கப்பட்டவன். நாற்பதைத் தாண்டிவிட்டான், காதோரம் நரைத்துவிட்டது, ஆனாலும் அவள் எதிரே காலை நீட்டாமல், நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் அவளைப் பார்த்தான். அவள் உடனே தாளைப் பார்த்தாள். இவனும் அந்தக் கரட்டுக்கு வந்தவன். இவனுடைய குறிப்பேட்டிலும் அவள் கையெழுத்து இருக்கும். ஏழாம் இடத்தில் இவன் என்ன எழுதியிருந்தான்? அறுபத்திரண்டுதான். எல்லாரும் அறுபத்திரண்டுதான். அங்கே அவள் மனம் எப்போதும்போல முள்ளில் மாட்டிய புடவைத் தலைப்பாய் நின்றது. அத்தனை பேருக்கும் எப்படி அறுபத்திரண்டு வந்தது? மேலே இழுத்தால் கிழியும். அவள் இழுக்காமல் விட்டாள்.

மூன்றாம் இடத்தில் இரண்டு பேருக்கு ஒரே எண் வந்தாலே பிடித்துவிடுவாள். பாறை என்பது கோடு போட்ட நோட்டுத்தாள் அன்று. இரண்டு பேர் அளந்தால் இரண்டு பாகையாவது முன்னே பின்னே இருக்கும். எண் அச்சாக ஒன்றாயிருந்தால் ஒருவர் அளந்ததை மற்றவர் பார்த்து எழுதியிருக்கிறார் என்று பொருள். இதைச் சொல்லிச் சொல்லியே பெயர் எடுத்தவள். மாணவர்கள் அவளுக்கு ‘மீண்டும் அளக்க’ என்றே பட்டப்பெயர் வைத்திருப்பதும் அவளுக்குத் தெரியும். சிவப்பு மையில் அவள் எழுதும் வாசகம் அது. தெரிந்தும் உள்ளூர மகிழ்ந்திருக்கிறாள். அப்படிப்பட்டவளுக்கு ஏழாம் இடத்தில் மட்டும் ஆண்டுதோறும் இருபத்து நான்கு குறிப்பேட்டிலும் ஒரே எண் வரிசையாக வந்தபோது சந்தேகம் வரவில்லை. மனம் குளிர்ந்தது. உண்மை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. எல்லாக் குறிப்பேட்டிலும் தன் எண் தன்னைப் பார்த்துச் சிரித்தது. இதை நினைக்கும்போது முகம் சூடேறுவதை அவள் உணர்ந்தாள். தேநீரை எடுத்துக் குடித்தாள். அது ஆறி ஆடை கட்டியிருந்தது. உதட்டில் ஒட்டியதைக் கைக்குட்டையால் துடைத்தாள்.

போன டிசம்பரில் ரிஸ்வானா என்ற பெண் மட்டும் நாற்பது என்று எழுதிக்கொண்டு வந்தாள். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறவள். விடுதியில் இல்லாததால் யாரோடும் அவ்வளவாக ஒட்டாதவள். எதைக் கேட்டாலும் முதலில் தலையைக் குனிந்து, பிறகு சரியான விடையைச் சொல்கிறவள். ஏழாம் இடத்தில்தான் வழக்கமாக மதியச் சாப்பாடு. மற்றவர்கள் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் குறிப்பேட்டை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். திசைகாட்டியிலும் நாற்பதுதான் வருகிறது, கைப்பேசியில் வைத்துப் பார்த்தாலும் நாற்பதுதான் வருகிறது, ஆனால் கையேட்டில் அறுபத்திரண்டு என்று இருக்கிறது, தான் எங்கே தவறு செய்கிறாள் என்று தெரியவில்லை என்றாள். அந்தப் பெண் தன் தவறைத்தான் தேடினாள். புனிதவதிக்குக் கைப்பேசி என்ற சொல்லே எரிச்சல் ஊட்டியது. கைப்பேசியைப் பார்த்துக் கல்லைப் படிக்க முடியாது என்று, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் கேட்கும்படி சொன்னாள். சிலர் சிரித்தார்கள். குறிப்பேட்டை வாங்கி, நாற்பதைச் சுற்றி வட்டம் போட்டு, சிவப்பு மையில் எழுதினாள்: தவறு. மீண்டும் அளக்க. அந்தப் பெண் மீண்டும் மேட்டில் ஏறினாள். உச்சி வெயிலில், முக்காட்டின் மேல் நோட்டைக் குடையாய்ப் பிடித்துக்கொண்டு, பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். புனிதவதி சாப்பிட்டாள், ஊறுகாய் நன்றாயிருந்தது, அதுவும் நினைவில் இருக்கிறது. பிறகு கை கழுவ ஓடைப் பக்கம் வந்தபோது, என்னவோ தோன்றி, தன் பையிலிருந்த பழைய திசைகாட்டியை எடுத்தாள். இருபத்தேழு ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த இடத்தில் அவள் மறுபடி அளக்கவில்லை என்பது அதைத் திறந்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததை எதற்கு அளப்பது. முள் ஆடி ஆடி நின்றது. முப்பத்தெட்டு. இடம் மாற்றி நின்றாள். நாற்பது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. பையிலிருந்து சுத்தியலை எடுத்து, ஏன் அப்படிச் செய்கிறோம் என்று யோசிக்குமுன்னரே, வலப்புற இடுப்பில் செருகினாள். முள் ஓர் ஆளின் கை பிடித்து இழுத்ததைப்போல மெல்ல நகர்ந்து, நகர்ந்து, அறுபத்திரண்டில் போய் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான்கு மாதமாக அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. 1996இல் செய்தது பிழை. பிழை எவருக்கும் வரும். ஈரப் புடவை, அவசரம், ஆசை. அதற்காக வெட்கப்பட்டாலும் அந்த வெட்கத்தோடு ஒருவர் குடித்தனம் நடத்திவிடலாம். ஆனால் அவள் சுத்தியலைப் பையில் வைத்துவிட்டு மேட்டுக்குத் திரும்பி வந்தபோது, ரிஸ்வானா எதிரே நின்று குறிப்பேட்டை நீட்டினாள். நாற்பது அழிக்கப்பட்டிருந்தது. அறுபத்திரண்டு எழுதப்பட்டிருந்தது. இப்போது சரியாக வருகிறதா என்று புனிதவதி கேட்டாள். கேட்டாள்! வருகிறது மேடம் என்று அந்தப் பெண் தலையைக் குனிந்தாள். இரண்டு பேரும் பொய் சொன்னார்கள். இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் அந்த எண்ணே பொய் என்று தெரியும். புனிதவதி பேனாவைத் திறந்தாள், பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள், தேதியும் போட்டாள். தேதி போடாத கையெழுத்து செல்லாது என்று சொல்கிறவள் அல்லவா. அந்தக் குறிப்பேடு இப்போது இந்த அறையில்தான், கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் உள்ள இரும்பு அலமாரியில், மேலிருந்து இரண்டாம் தட்டில் இருக்கிறது. தினமும் அந்த அலமாரியைக் கடந்துதான் அவள் தன் அறைக்குப் போகிறாள். கடக்கும்போது அதைப் பாராமல் இடப்பக்கமாகப் பார்த்துக்கொண்டே போகிறாள். காரணங்கள் தேடிப் பார்த்தாள். பாறையிலேயே இரும்புக் கனிமம் இருக்கிறது, அதுதான் முள்ளைச் சில காலம் இழுக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதிக் கையேட்டில் சேர்த்துவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள். எழுதக்கூட எழுதினாள், நான்கு வரி. பிறகு மாதிரிக் கல்லைக் காந்தத்தின் அருகே வைத்துப் பார்த்தாள். கல் அசையவில்லை. குறிப்பைக் கிழித்தாள். அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஓய்வு. அதுவரைக்கும் ஒரே ஒரு களப்பணி. பிறகு வருகிறவர் அளந்தால் அளக்கட்டும். ஆனால் வருகிறவர் ஜெயசீலன். அவர் கரட்டுக்குப் போகமாட்டார். போகாமலிருக்கத்தான் இன்று இந்தப் பொருள். எல்லாம் தானாகவே கூடி வந்திருக்கிறது. அவள் கையை நீட்டவேண்டியதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாலே போதும். ஆறு நாள் வெயிலில் நின்று, கொப்புளம் கண்டு, தன் கண்ணால் பார்த்துத் தன் கையால் எழுதும் அந்த ஒரே ஒரு பாடம் பிள்ளைகளிடமிருந்து போய்விடும். அவளுடைய கோடு மட்டும் சுவரில், சட்டத்துக்குள், பிசிறில்லாமல் நிற்கும்.

“அப்ப மேடத்துக்குச் சம்மதம்னு எழுதிக்கலாமா?” என்றார் ஜெயசீலன். குரலில் வெற்றி இல்லை. தள்ளப் போன கதவு திறந்தே இருந்தால் ஆள் தடுமாறுவாரே, அந்தத் தடுமாற்றம்தான் இருந்தது. அவர் பேனாவை எடுத்துவிட்டார். முனை தாளைத் தொட்டுவிட்டது. மின்விசிறி ‘டக்’ என்றது. புனிதவதி அந்தப் பேனா முனையைப் பார்த்தாள். அது இன்னும் எழுதவில்லை, எழுதப்போகிறது, எழுதியபின் அதன் கீழே தன் கையெழுத்தும் தேதியும் வேண்டும், அவள் போடுவாள், போட்டுவிட்டு அலமாரியைக் கடந்து, இடப்பக்கம் பார்த்துக்கொண்டு போவாள். அந்தப் பெண் நோட்டைத் தலைமேல் குடையாய்ப் பிடித்தபடி பாறையைச் சுற்றி வந்தாள். சுற்றிச் சுற்றி வந்தாள். ஊறுகாய் நன்றாயிருந்தது.

“அந்தப் பிளவு அங்கே இல்லை,” என்றாள்.

எந்தப் பிளவு என்று முதியவர் கேட்டார். அவள் எழுந்து நின்று சுவரிலிருந்த வரைபடத்தைக் காட்டினாள். நின்றபடியே, வகுப்பில் பாடம் சொல்லும் அதே ஒழுங்கோடு சொன்னாள். வேறு விதமாகப் பேச அவளுக்கு வராது. கிழக்குக் கரையில் சுத்தியலைக் கீழே வைத்து அளந்ததையும், மேற்குக் கரையில் இடுப்பில் வைத்து அளந்ததையும், டிசம்பரில் தெரிந்துகொண்டதையும், தெரிந்தபின் ஒரு மாணவியின் சரியான எண்ணை அழிக்கவிட்டுக் கையெழுத்துப் போட்டதையும் சொன்னாள். கடைசி வாக்கியத்தில் குரல் ஓரிடத்தில் இறங்கியது. நிறுத்தி, அதை மறுபடியும் முழுதாகச் சொன்னாள். ஆகவே களப்பணியை எடுக்கக் கூடாது, கையேட்டைத்தான் எடுக்கவேண்டும் என்று முடித்துவிட்டு உட்கார்ந்தாள். கைகள் மேசைமேல் இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதிர்ச்சி வரும் என்று எதிர்பார்த்தாள். ஜெயசீலனின் பேனா தாளை விட்டு எழுந்தது. முதியவர் வரைபடத்தைப் பார்த்தார். வேலாயுதம் மட்டும் குனிந்து, மேசைவிரிப்பின் நூலைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அதிர்ச்சி இல்லை. அவன் முகத்தில் இருந்தது கூச்சம்; பெரியவர்கள் வழுக்கி விழுவதைப் பார்த்துவிட்ட பிள்ளையின் கூச்சம்.

“உனக்குத் தெரியுமா?” என்றாள்.

அவன் முதலில் மழுப்பினான். பிறகு, தலையை நிமிர்த்தாமலே, “எங்க செட்டுக்கே தெரியும் மேடம்,” என்றான். “எங்களுக்கு முன்னாடி செட்டுக்கும் தெரியும். ஹாஸ்டல்ல ஒரு நோட்டு இருக்கும், சீனியர் கொடுத்துட்டுப் போவாங்க. ஏழாம் இடத்துக்கு நேரா எழுதியிருக்கும், இங்க அளக்காதே, அறுபத்திரண்டுன்னு போட்டுக்கோன்னு. அதனாலதான் அங்க போனதும் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்துடுவோம்.”

எலுமிச்சைச் சாதமும் ஓடை நிழலும் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது என்று இருபத்தேழு ஆண்டுகள் அவள் நினைத்திருந்தாள். கிழியும் என்று அஞ்சி இழுக்காமல் விட்ட தலைப்பை அவன் ஒரே இழுப்பாய் இழுத்துவிட்டான். அவர்களில் எவரும் அளக்கவே இல்லை. அளக்கக் கற்றுக்கொடுக்க அழைத்துப்போன இடத்தில், அளக்காமல் இருப்பதை அவள் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அதையும் அவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டு, அந்த விடுதி நோட்டு வழியாக ஒருவருக்கொருவர் பாடம் சொல்லியிருக்கிறார்கள். எவருமே ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். கேட்கும்போதே, பதில் வேண்டாம் என்றும் தோன்றியது.

“சொன்னா சிவப்பு இங்க்ல ‘மீண்டும் அளக்க’ன்னு எழுதுவீங்க,” என்றான் வேலாயுதம், மெல்ல. “மீண்டும் அளந்தா மறுபடியும் நாற்பதுதான் மேடம் வரும்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. விடுதியில் இல்லாத ஒருத்திக்கு அந்த நோட்டுக் கிடைக்கவில்லை. அதனால் அவள் ஒருத்திதான் பாறையின் அருகே போனாள். அவள் ஒருத்திக்குத்தான் சிவப்பு மை விழுந்தது. இதை இவ்வளவு எளிமையாக, இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்பதே புனிதவதிக்குப் பொறுக்கமுடியாததாய் இருந்தது. எழுந்து அலமாரியைத் திறந்தாள். மேலிருந்து இரண்டாம் தட்டு. குறிப்பேட்டின் ஏழாம் இடத்துப் பக்கத்தில், அறுபத்திரண்டின் அடியில், அழித்த பென்சிலின் பள்ளம் இன்னும் இருந்தது. விரல் நுனியால் தடவினால் நான்கும் பூச்சியமும் தட்டுப்பட்டன. கீழே அவளுடைய கையெழுத்து, தேதி. களத்தில் தொலைந்தால் கொண்டுவந்து சேர்க்க வசதியாக முதற்பக்கத்தில் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதவேண்டும் என்பது அவள் போட்ட விதி. எழுதியிருந்தது, உருண்டையான, அடங்கிய எழுத்து. அறையில் எல்லாரும் பார்த்திருக்க, நின்றபடியே எண்களை அழுத்தினாள். வெளியே போய்ப் பேசலாம் என்று தோன்றியது, கால் அந்தப் பக்கம் திரும்பக்கூடச் செய்தது, போகவில்லை.

இரண்டாம் மணியிலேயே ரிஸ்வானா எடுத்துவிட்டாள். பின்னணியில் பேருந்தின் இரைச்சல். யார் பேசுவது என்று புனிதவதி சொன்னாள்.

“மேடம்… என் ரெக்கார்டுல ஏதாவது தப்பா மேடம்? தப்பிருந்தா இப்பவே வந்து திருத்திக் கொடுத்துடுறேன்.”

புனிதவதி குறிப்பேட்டை மேசைமேல் வைத்தாள். ஜெயசீலன் பதினான்காம் பொருளின் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்து, அதன் மேல் எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்.

“நீ முதலில் எழுதியிருந்தாயே, நாற்பது. அதுதான் சரி, ரிஸ்வானா.”

பேருந்து எங்கோ நின்றது, நடத்துநரின் விசில் கேட்டது, யாரோ இறங்கினார்கள். அந்தப் பெண் யோசிக்கிறாள் என்று தெரிந்தது. வகுப்பில் தலையைக் குனிந்து யோசிப்பாளே, அதுபோல.

“அப்ப அந்த அறுபத்திரண்டு யாரோடது மேடம்?”

“என்னுடையது,” என்றாள் புனிதவதி.